நட் டிரைவரா, சாக்கெட்டா? எந்த நட்டுக்கு எதை, எப்போது எடுப்பது: முழுமையான வழிகாட்டி

சாக்கெட் செட் வாங்கியாகிவிட்டது, இனி நட் டிரைவர் எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். பெட்டியில் 8 மி.மீ. சாக்கெட் இருக்கும்போது அதே 8 மி.மீ. வாயோடு கைப்பிடி வைத்த இன்னொன்று எதற்கு என்பது நியாயமான கேள்விதான். ஆனால் வேலை கற்க வருபவர்கள் சின்ன நட்டுகளில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் ராட்செட்டை (சாக்கெட்டை மாட்டி முன்னும் பின்னும் அசைத்துத் திருப்பும் பல் வைத்த கைப்பிடி) எடுக்கக் கூடாத கட்டத்தில் எடுத்திருப்பார்கள். மரை போவது, போல்ட் அறுவது, நட் உள்ளே விழுந்து தொலைவது எல்லாம் அங்கேதான் தொடங்கும்.

இங்கே சொல்வது 5 மி.மீ. முதல் 10 மி.மீ. வரையிலான (எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான அகலம்) நட்டுகளுக்கு. அதற்கு மேல் போனால் சாக்கெட்டும் ஸ்பேனரும்தான், யோசிக்கவே வேண்டாம்.

1. முதலில் வேலையை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்

நட்டைக் கழற்றினாலும் சரி, மாட்டினாலும் சரி, அதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. இறுகிய பிடியை விடுவிப்பது ஒன்று. மரையில் பல சுற்று ஓட்டுவது இன்னொன்று. கடைசியாக முடுக்குவது மூன்றாவது.

பிடியை விடுவிக்கவும் முடுக்கவும் பலம் வேண்டும், ஆனால் கால் சுற்று, அரை சுற்றுதான். ஓட்டுவதற்குப் பலமே வேண்டாம், சுற்று மட்டும் ஏராளம். ராட்செட்டும் சாக்கெட்டும் பலத்துக்காகச் செய்யப்பட்டவை. நட் டிரைவர் சுற்றுக்காகச் செய்யப்பட்டது.

எம் 4 மரையில் (போல்ட்டின் தடிமன் 4 மி.மீ. என்று பொருள்) ஒரு சுற்றுக்கு நட் 0.7 மி.மீ. நகரும். 20 மி.மீ. நீளமுள்ள ஸ்டட்டில் (தலை இல்லாத மரைக் கம்பி) முழுதும் இறக்க வேண்டுமானால் ஏறக்குறைய 28 சுற்று. ராட்செட் கைப்பிடி ஒரு வீச்சுக்கு 60 டிகிரிதான் அசைய முடிகிற இடுக்கு என்றால், அது 170 வீச்சுக்குப் பக்கத்தில் வந்துவிடும், அதுவும் ஒரே ஒரு நட்டுக்கு. நட் டிரைவரில் இதே 28 சுற்றைக் கைப்பிடியின் பின்முனையை விரல்களால் உருட்டியே முடித்துவிடலாம்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நட் டிரைவரில் 5, 5.5, 7, 8, 10 ஆகிய ஐந்து அளவு போதும். எம் 3 நட்டுக்கு 5.5, எம் 4-க்கு 7, எம் 5-க்கு 8, எம் 6-க்கு 10. கணினிப் பெட்டிக்குள் மதர்போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டாண்ட் ஆஃப்களுக்கு 5 மி.மீ. அடிக்கடி வேண்டியிருக்கும், எம் 2.5 நட்டுக்கும் அதுவேதான். இன்ச் அளவில் வரும் சாதனங்களைத் தொடுபவராக இருந்தால் கால் இன்ச், 5/16, 3/8 மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றோடு கால் இன்ச் டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு) ராட்செட், அதற்கான சாக்கெட்டுகள், ஒரு எக்ஸ்டென்ஷன் (நீட்டிப்புத் தண்டு), எதிர்ப்பக்கம் பிடிக்க ரிங் ஸ்பேனர், கம்பி பிரஷ், துரு இளக்கும் எண்ணெய், கழற்றியதைப் போட்டு வைக்க ஒரு தட்டு. அளவில் சந்தேகம் வந்தால் பார்க்க ஒரு வெர்னியர் இருந்தால் நல்லது.

எல்லாவற்றையும் கை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். கருவி தூரத்தில் இருந்தால் கையில் இருப்பதை வைத்தே சமாளிக்கத் தோன்றும். நட்டின் முனை மழுங்குவது பெரும்பாலும் அந்தச் சமாளிப்பில்தான்.

3. அளவை உறுதி செய்யுங்கள்

நட் டிரைவரின் வாயை நட்டின் மேல் வைத்து முழுதும் உள்ளே அழுத்துங்கள். திருப்பாமல், இடமும் வலமும் லேசாக அசைத்துப் பாருங்கள். மிகச் சிறிய அசைவு இருந்தால் சரியான அளவு. கைப்பிடி கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் அளவு தப்பு. வாய் பாதியில் நின்றுவிட்டால் நட்டின் மேல் பெயின்ட்டோ துருவோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் பிரஷ் போட்டுவிட்டு மறுபடி வையுங்கள்.

இன்ச்சும் மில்லிமீட்டரும் கலக்கும் இடத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். 5/16 இன்ச் என்பது 7.94 மி.மீ., ஆகவே 8 மி.மீ. வாய் அதில் நன்றாகவே உட்காரும். 7/32 இன்ச்சும் (5.56) 5.5-ம் அவ்வளவு நெருக்கம். ஆனால் கால் இன்ச் என்பது 6.35 மி.மீ. அதில் 6 ஏறாது, 7 ஏறிவிடும். ஏறிவிட்டதே என்று திருப்பினால் ஆறு முனையும் மழுங்கும். 3/8 இன்ச் (9.53) நட்டில் 10-ஐ மாட்டினாலும் இதே கதைதான். மெதுவாகத் திருப்பும்வரை பிடித்தது போலத் தெரியும், பலம் கொடுத்த நொடியில் வழுக்கும்.

கைப்பிடியின் நிறத்தை நம்பி அளவை எடுக்காதீர்கள். சிவப்பு கால் இன்ச், மஞ்சள் 5/16, நீலம் 3/8 என்று பல நிறுவனங்கள் நிறம் வைத்தாலும் எல்லோரும் அதைப் பின்பற்றுவதில்லை, மில்லிமீட்டர் செட்டுகளில் நிறம் வேறு பொருளில் வரலாம். தண்டில் பொறித்த எண்ணைப் படியுங்கள்.

4. போல்ட் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது?

நட்டுக்கு மேலே போல்ட்டின் மரை 2, 3 மி.மீ.தான் தெரிகிறதென்றால் எந்தக் கருவியும் உட்காரும். 30, 40 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் சாதாரணச் சாக்கெட் நட்டைத் தொடவே தொடாது. அதன் அடி போல்ட்டின் முனையில் முட்டி நின்றுவிடும். டீப் சாக்கெட் கொஞ்சம் உதவும், அதற்கும் ஆழத்தில் எல்லை உண்டு.

இங்கேதான் துளைத் தண்டு உள்ள நட் டிரைவரின் மதிப்பு தெரியும். போல்ட் தண்டுக்குள் நுழைந்துகொண்டே போகும், வாய் நட்டின் மேல் உட்கார்ந்தே இருக்கும். வாங்கும்போதே வாய்க்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள், எவ்வளவு ஆழம் போகிறது என்று தெரிந்துவிடும். சிலவற்றில் துளை கைப்பிடி வரை இருக்கும், சிலவற்றில் ஒரு விரல் ஆழத்தோடு நின்றுவிடும்.

வாய்க்குள் காந்தம் பொருத்தியவையும் உண்டு. ஸ்க்ரூவை மாட்டி உள்ளே கொண்டுபோக அவை வசதிதான், ஆனால் காந்தம் துளையை அடைத்துக்கொண்டிருப்பதால் நீளமான போல்ட்டில் அவை பயன்படாது. பித்தளையையும், நட்டுகளில் வழக்கமாக வரும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகத்தையும் காந்தம் பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒன்று மட்டும் வாங்கப் போகிறீர்கள் என்றால் காந்தம் இல்லாத துளைத் தண்டையே எடுங்கள்.

5. கழற்றும் வரிசை

முதலில் வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். நட் வெளியே வரும் வழி அதுதான். அந்த வழியில் துருவும் மண்ணும் இருந்தால் நட் நகர நகர அவற்றை அரைத்துக்கொண்டே வரும், பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். துரு கூடுதலாக இருந்தால் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள்.

அடுத்து ராட்செட்டில் சாக்கெட்டைப் போட்டு பிடியை மட்டும் விடுவியுங்கள். அரை சுற்று போதும். நட் இளகிவிட்டது என்று கை உணர்ந்ததும் ராட்செட்டைக் கீழே வைத்துவிட்டு நட் டிரைவருக்கு மாறுங்கள். இங்கே மாறாமல் ராட்செட்டிலேயே தொடர்வதுதான் புதியவர்களின் பழக்கம். கடைசிச் சுற்றில் நட் போல்ட்டை விட்டு விலகும்போது நீளமான கைப்பிடியின் எடையில் சாக்கெட் சாய்ந்து, நட் எங்கோ உருண்டு விடும். நட் டிரைவரை நேராகப் பிடித்திருந்தால் நட் பெரும்பாலும் வாய்க்குள்ளேயே நின்று கூடவே வெளியே வரும்.

நட்டோடு போல்ட்டும் சேர்ந்து சுற்றினால் எதிர்ப்பக்கத் தலையை ரிங் ஸ்பேனரால் பிடியுங்கள், தலை ஸ்க்ரூவாக இருந்தால் ஸ்க்ரூ டிரைவரால். சுற்றுவது எப்போதும் நட்டின் பக்கமாகவே இருக்கட்டும். போல்ட்டைச் சுற்றினால் துளையின் சுவரும் பெயின்ட்டும் தேயும்.

எம் 5 அல்லது அதற்குச் சிறியது, துரு இல்லாதது என்றால் ராட்செட்டே வேண்டாம், நட் டிரைவரே பிடியையும் விடுவித்துவிடும்.

6. மாட்டத் தொடங்குவது

முழு வேலையிலும் கவனம் அதிகம் வேண்டிய இடம் இது. நட்டின் முதல் மரை போல்ட்டின் முதல் மரையோடு நேராகச் சேர வேண்டும். கோணலாக ஏறினால் அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல கருவி எடுத்தாலும் பயனில்லை.

கை எட்டும் இடமென்றால் விரலாலேயே தொடங்குங்கள். எட்டாத இடமென்றால் நட்டை நட் டிரைவரின் வாயில் வைத்து உள்ளே கொண்டுபோங்கள். நட் விழும் போலிருந்தால் வாயின் மேல் ஒரு சிறிய காகிதத் துண்டை வைத்து அதன் மேல் நட்டை அழுத்துங்கள். காகிதம் பக்கச் சுவரில் இறுகி நட்டைப் பிடித்துக்கொள்ளும், தலைகீழாகப் பிடித்தாலும் விழாது.

போல்ட்டின் முனையில் நட் உட்கார்ந்ததும் உடனே முன்னால் திருப்பாதீர்கள். முதலில் பின்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில், மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் நட் ‘டக்’ என்று ஒரு நூலளவு இறங்கும். இரண்டு மரையின் தொடக்கமும் நேருக்கு நேர் வந்த இடம் அதுதான். அங்கிருந்து முன்னால் திருப்பினால் கோணலாக ஏற வாய்ப்பு மிகக் குறைவு. இந்த இறக்கம் மிகச் சின்னது. நட் டிரைவரின் தண்டு நேராக விரலுக்கு வருவதால் அதை உணர முடியும். சாக்கெட், எக்ஸ்டென்ஷன், ராட்செட் என்று மூன்று மூட்டுகள் நடுவில் வந்தால், அந்தந்த மூட்டின் ஆட்டத்திலேயே அந்த உணர்வு கரைந்துவிடும்.

முதல் மூன்று சுற்று கட்டைவிரல், இன்னும் இரண்டு விரல் மட்டும் வைத்துச் சுற்றுங்கள். புதிய, சுத்தமான மரையில் இந்த மூன்று சுற்றுக்கு எந்த எதிர்ப்பும் இருக்கக் கூடாது. எதிர்ப்பு வந்தால் அங்கேயே நிறுத்திப் பின்னால் வந்து மறுபடி தொடங்குங்கள். ‘கொஞ்சம் முடுக்கினால் சரியாகிவிடும்’ என்று நினைத்து உள்ளங்கையை வைத்துத் திருப்பினால் மரை போய்விடும். நட் போனால் வேறு நட் போடலாம். வெல்டு வைத்த ஸ்டட்டின் மரை போனால் அது நீண்ட வேலை.

7. ஓட்டி இறக்குவது

ராட்செட் இந்தக் கட்டத்தில் ஏன் வேலை செய்யாது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெளிவாகப் புரியும். கைப்பிடியை முன்னால் தள்ளும்போது நட் கால் சுற்று இறங்கும். பின்னால் இழுக்கும்போது ‘கிளிக் கிளிக்’ என்று பற்கள் தாண்டி, நட் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். ஆனால் சத்தமே வராது. நட்டும் சாக்கெட்டோடு சேர்ந்து பின்னால் வந்துவிடும். மறுபடி தள்ளினால் மறுபடி கால் சுற்று, மறுபடி பின்னால். கை அசைந்துகொண்டே இருக்கும், நட் இருந்த இடத்தைவிட்டு நகர்ந்திருக்காது.

ராட்செட்டுக்குள் இருக்கும் நாக்கு ஒரு பல்லைத் தாண்ட சிறிது எதிர்ப்பு தேவை. லூஸாக ஓடும் சின்ன நட்டில் அந்த அளவு உராய்வுகூட இருப்பதில்லை. 72 பல் உள்ள ராட்செட் 5 டிகிரிக்கு ஒரு முறை பிடிக்கும், 36 பல் என்றால் 10 டிகிரி. பற்கள் கூடியதால் இடுக்கில் வேலை எளிதாகும், ஆனால் நாக்குக்கு வேண்டிய எதிர்ப்பு தேவைப்படாமல் போய்விடாது. ராட்செட்டின் தலையை விரலால் பிடித்து உருட்டிச் சமாளிப்பார்கள். திறந்த இடத்தில் அது நடக்கும், ஆழத்தில் விரல் போகாது.

நட் டிரைவரில் ஒரு கையால் தண்டை லேசாகத் தாங்கிக்கொண்டு, மறு கையின் விரல்களால் கைப்பிடியின் பின்முனையை உருட்டுங்கள். தண்டு நேராக நிற்கும்வரை நட் சீராக இறங்கும். நட் வாஷரைத் தொட்ட நொடியில் சுழற்சி சட்டென்று நிற்கும். அதுதான் ஓட்டும் கட்டம் முடிந்ததற்கான அடையாளம்.

பல நட்டு உள்ள மூடி அல்லது தகடு என்றால், எல்லா நட்டையும் இந்த நிலைவரை கொண்டுவந்த பிறகுதான் முடுக்கத் தொடங்க வேண்டும். ஒன்றை முதலிலேயே முடுக்கிவிட்டால் தகடு அந்த மூலையில் பிடித்துக்கொள்ளும், மற்றத் துளைகள் போல்ட்டோடு சேராமல் விலகும்.

8. முடுக்குவது

8.8 தரப் (எஃகின் வலிமையைக் குறிக்கும் எண்) போல்ட்டுகளுக்குத் தோராயமாக எம் 3-க்கு 1.2, எம் 4-க்கு 3, எம் 5-க்கு 6, எம் 6-க்கு 10 நியூட்டன் மீட்டர் (திருப்பும் பலத்தின் அலகு) முடுக்கு போதும். பித்தளை, மென்மையான எஃகு என்றால் இன்னும் குறைவு. ஸ்க்ரூ டிரைவர் போன்ற கைப்பிடியை முழுப் பலத்தோடு திருப்பினாலும் மணிக்கட்டால் கொடுக்க முடிவது சில நியூட்டன் மீட்டர்தான். ஆகவே எம் 4, எம் 5 நட்டுகளில் நட் டிரைவரைக் கையால் நன்றாகத் திருப்பி நிறுத்தினால் ஏறக்குறைய வேண்டிய இடத்திலேயே வந்து நிற்கும்.

இப்போது கால் இன்ச் ராட்செட்டைப் பாருங்கள். கை பிடிக்கும் இடம் நட்டிலிருந்து 12 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 80 நியூட்டன், அதாவது 8 கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு இழுத்தால் 9.6 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். எம் 4 போல்ட்டுக்கு வேண்டியதைப்போல மூன்று மடங்கு. இழுக்கும் கைக்கு அது பெரிய பலமாகவே தெரியாது, அதற்குள் போல்ட் அறுந்திருக்கும். சின்ன நட்டுகளில் நட் டிரைவரை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

எம் 3-க்கு நட் டிரைவரிலேயே எச்சரிக்கை வேண்டும். உள்ளங்கையை வைக்காமல் மூன்று விரலால் மட்டும் முடுக்குங்கள். ஸ்பிரிங் வாஷர் இருந்தால் அதன் வெட்டு தட்டையாகும்வரை பார்த்து, அதற்கு மேல் ஒரு சிறு திருப்பு.

எம் 6-க்கு நட் டிரைவர் ஓட்டித் தரும், கடைசி முடுக்குக்கு ராட்செட் எடுங்கள். குறிப்பிட்ட டார்க் (திருப்பும் பலம்) எண் கொடுத்திருந்தால் அந்த அளவைக் காட்டும் டார்க் ரென்ச்தான், அங்கே கை மதிப்பை நம்பக் கூடாது. பல நட்டுகளை எதிரெதிராக, இரண்டு தடவையாக முடுக்குங்கள்.

9. ஆறுமுகத் தலை உள்ள ஸ்க்ரூக்கள்

ஹோஸ் கிளாம்பின் ஸ்க்ரூ, தகரத் தகடுகளின் ஸ்க்ரூ, கணினிப் பெட்டியின் ஸ்க்ரூ எல்லாவற்றிலும் தலை ஆறுமுகமாக இருக்கும், நடுவில் ஒரு கீறலோ கூட்டல் குறியோ வெட்டியிருக்கும். கீறலைப் பார்த்ததும் கை ஸ்க்ரூ டிரைவருக்குத்தான் போகும். ஸ்க்ரூ டிரைவரை அழுத்தித் திருப்ப வேண்டும், அழுத்தம் குறைந்தால் வழுக்கும். ஹோஸ் கிளாம்பில் வழுக்கினால் முனை ஹோஸைக் குத்தும், அல்லது அதைப் பிடித்திருக்கும் கையைக் குத்தும்.

நட் டிரைவர் தலையை வெளியே இருந்து ஆறு பக்கமும் பிடிப்பதால் அழுத்தவே வேண்டாம். ஹோஸ் கிளாம்பில் பெரும்பாலும் 7, 8 மி.மீ., கால் இன்ச், 5/16 இவற்றில் ஒன்றுதான் இருக்கும். நேராகப் போக வழி இல்லாத இடத்துக்கு வளையும் தண்டு வைத்த நட் டிரைவரும் கிடைக்கிறது. அதில் தண்டு முறுக்கிக்கொள்வதால் இறுகிப்போனதைக் கழற்ற உதவாது, மாட்டுவதற்கு நல்லது.

10. நட் டிரைவரைக் கீழே வைத்துவிட வேண்டிய இடங்கள்

உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட், போல்ட்டின் முனை அந்த வளையத்தைத் தொட்டதிலிருந்தே எதிர்ப்புக் கொடுக்கும். நட் டிரைவரால் திருப்பினால் கை ஓய்ந்துவிடும். அந்த எதிர்ப்பே ராட்செட்டை நன்றாகக் கிளிக் ஆக வைக்கும் என்பதால் இங்கே ராட்செட்தான் சரி.

நட்டுக்கு மேலே உயரம் இல்லாத இடத்தில் நட் டிரைவர் நுழையாது, ரிங் ஸ்பேனர் எடுங்கள். மிக மெல்லிய நட்டிலும் கவனம் தேவை. நட் டிரைவரின் வாயின் ஓரம் சாய்வாகச் சீவப்பட்டிருக்கும், அந்தச் சாய்வுப் பகுதி பிடிக்காது. மெல்லிய நட்டில் பிடிக்க மிச்சம் இருப்பது கொஞ்சமே.

இறுகிய நட்டுக்காகக் கைப்பிடியைப் பிளையரால் பிடித்து முறுக்காதீர்கள், பிளாஸ்டிக் தண்டைவிட்டுச் சுழலும். சில நட் டிரைவர்களில் கைப்பிடிக்குக் கீழே தண்டில் ஆறுமுகக் கட்டி இருக்கும். ஸ்பேனர் மாட்டவே அது. அது இல்லாவிட்டால் சாக்கெட்டுக்கு மாறுங்கள்.

11. மின் இணைப்புகளில்

முதலில் சப்ளையை நிறுத்தி, டெஸ்டரால் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கைப்பிடி பிளாஸ்டிக் என்பதால் அது காப்பிடப்பட்ட கருவி ஆகிவிடாது. இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருந்தால்தான் அந்த வகை, அதில் தண்டும் காப்புறையோடு வரும். பேட்டரி டெர்மினலுக்குப் பக்கத்தில் நீண்ட உலோக ராட்செட் கைப்பிடி இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் தொட்டுவிடும் அபாயம் உண்டு. தண்டு காப்பிட்ட நட் டிரைவரில் அந்தப் பயம் குறைவு.

12. ஏற்கனவே சாக்கெட் செட் இருந்தால் எந்த வரிசையில் வாங்குவது?

முதலில் கால் இன்ச் சதுர முனை வைத்த ஸ்பின்னர் கைப்பிடி. ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியில் சாக்கெட்டை மாட்டிக்கொள்ளும் அமைப்பு அது. செட்டுகள் பலவற்றில் ஏற்கனவே இருக்கும், எடுத்துப் பார்க்காமலே விட்டிருப்பார்கள். ஓட்டும் கட்டத்துக்கு இதுவே பெருமளவு போதும். குறை இரண்டு: போல்ட் உள்ளே போகத் துளை இல்லை, சாக்கெட் மாட்டும் இடத்தில் சிறு ஆட்டம் இருக்கும்.

அந்தக் குறைகள் இடிக்கும் வேலை உங்களுக்கு வருகிறதென்றால் 7-ம் 8-ம் துளைத் தண்டோடு தனியாக வாங்குங்கள். அடுத்து 5.5, பிறகு 10. கணினி வேலை செய்பவர் 5-லிருந்தும் கால் இன்ச்சிலிருந்தும் தொடங்கலாம். டிரில்லில் மாட்டும் நட் டிரைவர் பிட்டுகளைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம். தகடுகளில் ஸ்க்ரூ அடிக்க அவை சரி. எம் 3, எம் 4 நட்டுகளில் போடுவதென்றால் டிரில்லின் கிளட்சை (எவ்வளவு பலத்தில் சுழற்சி விட்டுக்கொடுக்க வேண்டும் என்று வைக்கும் வளையம்) மிகக் குறைந்த எண்ணில் வைத்து, நட் வாஷரைத் தொடும் முன்பே நிறுத்திவிட்டு, மிச்சத்தைக் கையால் முடுக்குங்கள்.